பஞ்சுவின் கைக்கு வேகம் வந்த கதை

அவளுக்குப் பஞ்சு என்று பட்டப்பெயர் வைத்தது எதிரி யாருமில்லை, கூட ஆடுகிறவள்தான். பள்ளிக்கூட நாட்களில் டென்னிஸில் இருவரையும் ஜோடி சேர்த்துவிட்ட முதல் நாளே, "உன் கையிலிருந்து வர்றது பந்தா, பஞ்சா?" என்று கேட்டுவிட்டாள் அந்தக் கூட்டாளி. கேட்டவளுக்கும் பெயர் இல்லாமல் போகுமா? ஆள் விளக்குக் கம்பம் உயரம். நிற்பதோ எப்போதும் நெட்டுக்குப் பக்கத்தில். நெட்டை என்ற பெயர் இரண்டு வழியிலும் ஒட்டிக்கொண்டது. பிறகு வீட்டில் அம்மாகூட மகளைப் பஞ்சு என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

இருவரும் ஆடுகிற விதம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பின்கோட்டில் நின்று பஞ்சு சர்வ் போடுவாள். வேகம் இருக்காது, ஆனால் எதிராளிக்கு எந்த இடம் பிடிக்காதோ அந்த இடத்தில் போய் விழும். அவள் தடுமாறித் திருப்பி அடிப்பதை நெட்டருகே நிற்கும் நெட்டை ஒரே எட்டில் வெட்டிவிடுவாள். சர்வ் தன்னைக் கடந்து போகும்முன் அது எந்தப் பக்கம் வருகிறதென்று நெட்டை ஒரு தடவை தலையைத் திருப்பிப் பார்த்துக்கொள்வாள். "திரும்பாதே, முன்னாடி பாரு" என்று கோச் ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். "சரி கோச்" என்பாள். அடுத்த பந்துக்கும் திரும்புவாள். "அவ போட்டு அது வந்து சேர்றதுக்குள்ள நான் கடைக்குப் போயிட்டு வந்துடலாம் கோச். ஒரு தடவை திரும்பிப் பார்த்தா என்ன?" சிரிப்பார்கள். சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்க் கோச்சும் விட்டுவிட்டார்.

பஞ்சுவுக்கு ஒரு மூத்தவள் உண்டு. கதை அவளைப் பற்றியதும்தான். ஒரு பழைய கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் ஜிம்மில் அவள் எடைப் பயிற்சி சொல்லிக்கொடுக்கிறவள். மேல்தளத்தில் அச்சகம். கீழே யாராவது எடை மாட்டிய இரும்புப் பாரை நழுவவிட்டால் அச்சகத்துக்காரர் காலால் தரையைத் தட்டுவார். மேலே எந்திரம் ஓட ஆரம்பித்தால் கீழே சுவர்க் கண்ணாடி நடுங்கும். இரண்டுக்கும் சரியாகப் போயிற்று என்று இரு தரப்பும் சமாதானமாகிவிட்டிருந்தார்கள்.

ஒருநாள் சாயங்காலம் பஞ்சு பையைக்கூடக் கழற்றாமல் அந்த ஜிம்முக்குள் வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். சிங்கிள்ஸ் அரையிறுதியில் தோற்றுவிட்டு வந்திருந்தாள்.

"அக்கா, எங்கே போட்டாலும் எடுத்துடுறாங்க. இடம் மட்டும் இனிமே போதாது. எனக்கு வேகம் வேணும்."

"உனக்கா? பார் பக்கம் வரச் சொன்னாலே வயிறு வலிக்குதுன்னு ஓடுவியே."

"விளையாட்டுக்குச் சொல்லல அக்கா."

மூத்தவள் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "சரி, நாளைக்குக் காலைல வா. சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் ஆகியிருக்கணும்" என்றாள்.

மறுநாள் அவள் தங்கையின் கையைத் தொடவே இல்லை. எடுத்த எடுப்பில் பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழச் சொன்னாள். அடுத்த நாள் தரையிலிருந்து பாரைத் தூக்கி நிமிரச் சொன்னாள். ஒரு வாரம் இப்படியே போனதும் பஞ்சு படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துத்தான் இறங்கினாள்.

"நான் அடிக்கிறது கையால. நீ காலை வதைக்கிறியே."

"வேகம் கையிலே பிறக்கிறது இல்லடி. தரையிலே பிறக்குது. காலு வாங்கி இடுப்புக்குக் குடுக்கும், இடுப்பு தோளுக்குக் குடுக்கும். கை கடைசி ஆளு, தபால்காரன் மாதிரி. வந்ததைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறதுதான் அதோட வேலை."

முதல் மாதங்களில் கனமாக, மெதுவாக. கால்களும் முதுகும் தேறிய பிறகு எடையைக் குறைத்து வேகத்தைக் கூட்டினாள். தோலுறை போட்ட கனமான பந்து ஒன்றைப் பக்கவாட்டில் நின்று இடுப்பைத் திருப்பிச் சுவரில் எறியச் சொன்னாள். சுவர் அதிர, பந்து திரும்பி வர, மறுபடியும் எறி. அதோடு நிற்கவில்லை. ரப்பர் பட்டையைக் கம்பத்தில் கட்டித் தோளின் பின்பக்கத்துச் சின்னச் சதைகளுக்குத் தினமும் வேலை கொடுத்தாள். பஞ்சுவுக்கு அதுதான் சுத்தமாகப் பிடிக்கவில்லை. "இது எதுக்கு? இதுலே பலமே தெரியல."

"வண்டிக்கு எஞ்சின் மட்டும் இருந்தா போதுமா? பிரேக் யாரு குடுப்பா? வேகமா வீசின கையை நிறுத்துறதும் ஒரு வேலை. நிறுத்தத் தெரியாத தோளு ரெண்டு வருஷத்துல கிழிஞ்சுடும்."

வீட்டின் முன்னறையில் அம்மா துணி மாற்றித் தைக்கிற தொழில் வைத்திருந்தாள். இடுப்பைப் பிடிக்க, கையைச் சுருக்க, நீளத்தைக் குறைக்க என்று தெருவே அவளிடம்தான் வரும். இப்போது சொந்த மகளின் சட்டைகளும் அந்த மேசைக்கு வந்தன. "ஒருத்தி தூக்குறா, ஒருத்தி தூக்க வைக்கிறா. தையலைப் பிரிச்சுவிடுறது மட்டும் என் தலையிலே" என்று முணுமுணுப்பாள். ஆனால் மகள் கண்ணாடி முன்னால் நின்று தோளைத் திருப்பிப் பார்ப்பதைக் கண்டால் ஊசியை வாயில் வைத்துக்கொண்டே சிரிப்பாள்.

வேகம் வந்தது. ஒரே நாளில் வரவில்லை. ஈரச்சுவரில் வெயில் ஏறுவதுபோல மெல்ல மெல்ல வந்தது. கோச்சிடம் பந்தின் வேகம் காட்டும் கருவி இருந்தது. பழைய பஞ்சுவின் சர்வ் மணிக்கு நூற்று இருபது கிலோமீட்டரைத் தாண்டினாலே அன்றைக்கு நல்ல நாள். நூற்று முப்பது வந்தது, நூற்று நாற்பது வந்தது, ஒருநாள் நூற்று ஐம்பதும் வந்தது. "அறுபது தொட்டுட்டா பெரிய போட்டிகள்ல யாரோடயும் நிக்கலாம்" என்றார் கோச். நூற்று அறுபது என்பது வீட்டில் ஒரு ஆளைப் போல ஆகிவிட்டது. சாப்பிடும்போதும் அதைப் பற்றித்தான் பேச்சு.

அந்த மாதங்களில் நெட்டைக்கு ஒரு பார்சல் நிறுவனத்தில் காலை வேலை கிடைத்திருந்தது. பஞ்சு காலையில் கோச்சுடன் தனியாகச் சர்வ் போட்டுப் பழகினாள். ஜோடியாக ஆடுவது வாரத்தில் ஒரு நாளாகச் சுருங்கியது. அந்த ஒரு நாளிலும் பஞ்சு பாதி வேகத்தில்தான் போடுவாள், முழு வேகத்தைப் போட்டிக்கு என்று வைத்திருந்தாள். இதில் தப்பாக எதுவும் இருப்பதாக ஒருவருக்கும் படவில்லை. ஒருத்தியின் உடம்பை மாற்றிக்கொண்டிருக்கிறோம், ஜோடியில் இருப்பது இரண்டு பேர் என்பது மூத்தவளுக்கு அப்போது தோன்றவில்லை.

பருவத்தின் கடைசிப் போட்டியில் இருவரும் இறுதியாட்டத்துக்கு வந்தார்கள். நடத்துகிறவர்கள் அன்றைக்கு மட்டும் சர்வ் வேகத்தைக் காட்டும் பெரிய போர்டை வாடகைக்குக் கொண்டுவந்து வேலியோரம் நிறுத்தியிருந்தார்கள். மூத்தவள் அதற்கு நேர் எதிரே இடம் பிடித்து உட்கார்ந்தாள். பக்கத்தில் அம்மா.

பஞ்சுவின் முதல் சர்வே நெட்டையின் காதோரமாகச் சீறிப் போனது. திரும்பிக்கொண்டிருந்தவள் தோளைக் குறுக்கிக்கொண்டு, "ஏய், காத்தடிச்சதுடி" என்று சிரித்தாள். கூட்டமும் சிரித்தது, மூத்தவளும் சிரித்தாள். ஓரத்தில் இருந்து கோச் மட்டும், "முன்னாடி பாரு, முன்னாடி பாரு" என்று இரண்டு தடவை கத்தினார். அதற்குப் பிறகு நெட்டை கொஞ்ச நேரம் திரும்பாமல்தான் ஆடினாள். முதல் செட்டை ஜெயித்தார்கள். போர்டில் நூற்று ஐம்பத்தாறு, ஐம்பத்தெட்டு என்று வந்துகொண்டிருந்தது.

இரண்டாவது செட் இழுபறியாகப் போனது. இழுபறியில் உடம்பு புதிதாகக் கற்றதை விட்டுவிட்டுப் பழையதைத்தான் தேடும். பஞ்சு பந்தை உயரே போட்டாள், முழங்கால் மடங்கி எழுந்தது, இடுப்பு திரும்பியது, மாதக்கணக்கில் கற்றுக்கொடுத்தது அத்தனையும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேர்ந்தது. நெட்டை பழையபடி தலையைத் திருப்பினாள். பந்து கொஞ்சம் தாழ்வாக வந்தது.

சத்தம் வேறு மாதிரி இருந்தது. ஆனால் மூத்தவளின் கண் அதற்குள் போர்டுக்குப் போய்விட்டது. நூற்று அறுபத்தொன்று. தொட்டுவிட்டாள் என்று சந்தோஷம் துள்ளியது. ஏன் யாரும் கைதட்டவில்லை என்று அவள் ஆட்டக்களத்தைப் பார்த்தபோது நெட்டை முழங்காலில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் இடது கண்ணின்மேல் இருந்தன. பஞ்சு மட்டையை எறிந்துவிட்டு ஓடிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் கண் மருத்துவர் அம்மாள் நிதானமாகப் பேசினார். விழிக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது, அது வற்றட்டும், அதற்குப் பிறகுதான் உள்ளே என்ன ஆகியிருக்கிறதென்று பார்க்க முடியும் என்றார். பார்க்க வந்தவர்கள் எல்லோரும், "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்று ஒரே வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் போனார்கள். அப்படிப் போகவில்லை. ரத்தம் வற்றிய பிறகு பார்த்தால், இடது கண்ணில் ஓரங்கள் தெரிந்தன, நடுவில் மட்டும் யாரோ கட்டைவிரலால் தேய்த்துவிட்டதுபோல ஒரு அழுக்கு. விழித்திரை நசுங்கியிருக்கிறது, இதற்கு மேல் தெளிவதற்கு வாய்ப்புக் குறைவு என்றார் மருத்துவர்.

நெட்டை வீடு திரும்பிய முதல் நாளிலிருந்தே பஞ்சு அவள் வீட்டு வாசலில் போய் நின்றாள். நெட்டையின் அண்ணன், மின்சார வேலை செய்கிறவர், சாதுவான மனுஷர், கதவைப் பாதி சாத்திக்கொண்டு வெளியே வந்தார்.

"தப்பா நினைக்காதேம்மா. இப்போ யாரையும் பார்க்க வேண்டாம்னு சொல்றா."

"யாரையுமா அண்ணா, என்னை மட்டுமா?"

பஞ்சு கொண்டுவந்த பழப்பையை மட்டும் அவர் வாங்கிக்கொண்டார்.

மூன்றாவது தடவை போய்வந்த பிறகு பஞ்சு போவதை நிறுத்தினாள். ஜிம்முக்கு மட்டும் வந்தாள். முன்பெல்லாம் சாக்குச் சொல்லிப் பாதியில் ஓடுகிறவள், இப்போது போதும் என்றாலும் கேட்பதில்லை. பாரில் எடைப் பிளேட்டுகளை ஏற்றிக்கொண்டே போனாள். பேச்சில்லை, சிரிப்பில்லை. பஞ்சு என்ற பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் முகம் கோணும். அச்சகத்துக்காரர் தட்டுகிற சத்தம் நாள்தோறும் கேட்டது.

ஒரு மாதம் கழித்துக் கோச் ஜிம்முக்கே வந்துவிட்டார். எடைகளின் நடுவே எங்கே நிற்பதென்று தெரியாமல் நின்றார்.

"நீங்க ஏதாவது குறைச்சிட்டீங்களாம்மா? பயிற்சியிலே?"

"இல்லையே. முன்னைவிட அதிகமாத்தான் தூக்குறா."

"அங்கே நூத்திப் பத்து தாண்ட மாட்டேங்குது. பழைய பஞ்சுவுக்கும் கீழே போயிடுச்சு."

மூத்தவள் போய்ப் பார்த்தாள். ஆட்டக்களத்தில் எதிரே ஆள்கூட இல்லை, வெறும் பந்துக்கூடை. பஞ்சு பந்தை மேலே போட்டாள். கால் சரி, இடுப்பு சரி, தோள் சரி. கை மேலே வந்து பந்தைத் தொடப்போகிற நேரத்தில் யாரோ முழங்கையைப் பிடித்து இழுத்ததுபோல ஒரு தயக்கம். பந்து சோர்ந்துபோய் நெட்டுக்கு மேலாகப் போனது. வீசிய பிறகு கையை நிறுத்துவதற்கென்று தான் வளர்த்துவிட்ட சதைகள், இப்போது வீசும்முன்னேயே நிறுத்துகின்றன என்று மூத்தவளுக்குப் புரிந்தது. அதை எடை குறைத்தோ கூட்டியோ சரிசெய்ய அவளுக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னாள். அம்மா தையல் எந்திரத்தின் சக்கரத்தைக் கையால் நிறுத்திவிட்டு, "கை தானாப் பயப்படுது. நல்ல கைதானே?" என்றாள்.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம், ஜிம்மில் ஆளில்லாத நேரம், படிக்கட்டில் யாரோ சுவரைத் தொட்டுத் தொட்டு இறங்கி வருகிற சத்தம். நெட்டை. இடது கண்ணுக்கு மட்டும் புகைநிறக் கண்ணாடி போட்ட சட்டம் ஒன்றை மாட்டியிருந்தாள். இளைத்திருந்தாள். அதனால் இன்னும் உயரமாகத் தெரிந்தாள்.

"உக்காரும்மா" என்றாள் மூத்தவள்.

"உக்கார வரல அக்கா. வீட்டிலே எல்லாரும் உக்காரத்தான் சொல்றாங்க. உடம்பு வெண்ணெயா உருகுது. எனக்கும் சொல்லிக்கொடுங்க."

"டாக்டர் சரின்னாங்களா?"

"சரின்னாங்க. மூச்சை அடக்கித் தூக்கக் கூடாதாம், தலைகீழா எதுவும் பண்ணக் கூடாதாம். மத்தபடி போலாம்னாங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "ரெண்டு விஷயம். என்னைப் பார்த்துப் பாவம்னு மூஞ்சி வைக்காதீங்க. அப்புறம் நான் வர்றது அவளுக்குத் தெரிய வேண்டாம். மன்னிச்சுட்டேன்னு சொல்ல வந்தேன்னு நினைச்சுடுவா. அப்படி ஒண்ணும் இல்ல" என்றாள்.

மூத்தவள் தலையாட்டினாள். தங்கைக்குத் தெரியாமல் ஒரு காரியம் என்பது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. ஆனால் வந்திருப்பவளிடம் முடியாதென்று சொல்ல எந்த வாய்க்கு வரும்?

முதல் நாள் நெட்டை அலமாரியிலிருந்து டம்பெல் எடுக்கக் கை நீட்டினாள். கை டம்பெல்லுக்கு ஒரு சாண் முன்னாலேயே மூடிக்கொண்டது. வெறுங்காற்றைப் பிடித்த கையைப் பார்த்து, "கிட்டக்க இருக்கா, தள்ளி இருக்கான்னே தெரியல அக்கா. தண்ணியை ஊத்தினா டம்ளருக்கு வெளியே ஊத்துறேன். நெட்டுல நின்னு வெட்டினவ நான்" என்றாள். சொல்லும்போது சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது. மறுபடி கை நீட்டி, இந்த முறை விரலால் தடவிப் பிடித்து எடுத்தாள்.

மத்தியானங்களில் வந்துகொண்டிருந்தாள். கஷ்டப்பட்டுப் பழகினாள். அதிகம் பேசமாட்டாள். ஒருநாள் இரண்டு சுற்றுக்கு நடுவே துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்:

"அன்னைக்கு அந்தப் பந்து எவ்வளவு வேகம் அக்கா? கோச்சைக் கேட்டா தெரியாதுங்கிறார். எங்க அண்ணன் அந்தப் பேச்சையே எடுக்க விடமாட்டேங்கிறார்."

தெரியாது என்று சொல்லிவிட்டிருக்கலாம். மூத்தவளின் வாயில் பொய் தயாராகவே இருந்தது. ஆனால் எதிரே ஒற்றைக் கண் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நூத்தி அறுபத்தொண்ணு."

நெட்டை துண்டை மடித்தாள். மெதுவாக, ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடித்தாள்.

"அப்படின்னா நான் விழுந்தப்போ நீங்க போர்டைத்தான் பார்த்துட்டு இருந்தீங்க."

"ஆமா."

"சந்தோஷப்பட்டீங்களா?"

"பட்டேன். உனக்கு அடிபட்டதைப் பார்க்கிறதுக்கு முன்னாடி. ஒரு நொடி."

மேலே அச்சு எந்திரம் ஓட ஆரம்பித்தது, கண்ணாடி நடுங்கியது. நெட்டை எழுந்து போய்விடுவாள் என்றுதான் மூத்தவள் நினைத்தாள். அவள் போகவில்லை. "இன்னும் ஒரு சுற்று பாக்கி இருக்குல்ல?" என்று கேட்டு, அதை முடித்துவிட்டுத்தான் போனாள். அதற்குப் பிறகு ஒரு வாரம் வரவில்லை. மறுவாரம் வந்தாள். வராததற்குக் காரணம் சொல்லவுமில்லை, இவள் கேட்கவுமில்லை.

மூடிவைத்தது எத்தனை நாளைக்கு? ஒரு மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. ஆட்டக்களம் நனைந்து பயிற்சி ரத்தானதும் பஞ்சு நேரே ஜிம்முக்கு வந்துவிட்டாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்ட உள்ளே நுழைந்தவள், ரப்பர் பட்டையை இழுத்துக்கொண்டிருந்த நெட்டையைப் பார்த்து அப்படியே நின்றாள். பிறகு அக்காவைப் பார்த்தாள்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசமா" என்றாள் மூத்தவள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. நான் இவ வீட்டு வாசல்ல நாயா நின்னேன். உனக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லல."

"அவங்களைத் திட்டாதே. நான்தான் சொல்ல வேண்டாம்னேன்" என்றாள் நெட்டை. பட்டையை இன்னும் கையில்தான் வைத்திருந்தாள். "இப்போ எவ்வளவு போடுறே?"

பஞ்சு முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்தாள்.

"உன்னைத்தான் கேக்குறேன். சர்வ் எவ்வளவு வேகம்?"

"நூத்திப் பத்து" என்றாள் மூத்தவள்.

நெட்டை பட்டையை விட்டாள். அது கம்பத்தில் அடித்துத் தொங்கியது. "நூத்திப் பத்தா? அப்போ என் கண்ணு எதுக்குடி போச்சு? மறுபடியும் பஞ்சு அடிக்கிறதுக்கா? அதை நீ முன்னாடியே அடிச்சிருக்கலாமே."

"நீ ஏன் திரும்பினே?"

கேட்டுவிட்ட பிறகு பஞ்சுவே திடுக்கிட்டுப் போனாள். எத்தனை நாளாக உள்ளே அடைத்து வைத்திருந்த கேள்வியோ, அடைப்பு விலகியதும் நிற்கவில்லை. "கோச் எத்தனை தடவை சொன்னார்? முதல் பந்துலேயே காதுகிட்ட போச்சுல்ல? அதுக்கப்புறமும் ஏன் திரும்பினே? நீ திரும்பினே. தினமும் என்னைத்தான் எல்லாரும் குத்தவாளியா பார்க்கிறாங்க. பந்தை மேலே போட்டா உன் மூஞ்சி திரும்புது. ஆளே இல்லாத கோர்ட்லயும் திரும்புது."

மூத்தவள் நடுவில் புகப்போனாள். நெட்டை கையால் தடுத்தாள்.

"பழக்கம்" என்றாள். "உன் பந்து வர நேரமாகும்னு உடம்புக்குப் பழக்கம். உன் உடம்பை உங்க அக்கா மாத்திட்டாங்க. என்னுது அப்படியே இருந்துச்சு." தொங்கிய பட்டையைக் கையால் நிறுத்தினாள். "கோச் சொன்னதும் நிஜம்தான். நான் கேக்கலை. ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டு அதைத்தான் நினைச்சுட்டிருந்தேன். நீ வாசல்ல வந்து நின்னா, உன்னைத் திட்டணும்னு தோணும். திட்ட ஆரம்பிச்சா என் தப்பு ஞாபகம் வரும். அதனாலதான் கதவைத் திறக்கல."

யாரும் யாரையும் கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை. பஞ்சு பெஞ்சில் உட்கார்ந்து ஈரத் துணியோடு அழுதாள். நெட்டை சற்றுத் தள்ளித் தரையில் உட்கார்ந்தாள். மூத்தவள் ஒரு துண்டை எடுத்துத் தங்கையின் தலையில் போட்டாள், இன்னொன்றை நெட்டையிடம் நீட்டினாள். நெட்டைக்கு அழுகை வரவில்லை. துண்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். மழை விடும்வரை மூன்று பேரும் அப்படியே இருந்தார்கள்.

அதற்குப் பிறகு எல்லாம் நேராகிவிட்டது என்று சொன்னால் அது கட்டுக்கதை. பஞ்சு அக்காவிடம் ஒரு மாதத்துக்கு மேல் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஜோடி முறிந்தது முறிந்ததுதான். கோச் வேறொருத்தியைக் கூடச் சேர்த்துப் பார்த்தார். தனக்கு முன்னால் நெட்டருகே ஒரு முதுகு தெரிந்தாலே பஞ்சுவின் கை கட்டையாகிவிட்டது. டபுள்ஸ் வேண்டாம் என்று ஒதுங்கிவிட்டாள், இன்றுவரை ஆடுவதில்லை. நெட்டையும் திரும்ப நெட்டருகே நிற்கவில்லை. நின்றால் பந்து எங்கே இருக்கிறதென்றே தெரியாது. பின்கோட்டிலிருந்து ஆடிப் பார்க்கிறேன் என்றாள். மருத்துவர் ஒரு விளையாட்டுக் கண்ணாடியை எழுதிக்கொடுத்தார், அது இல்லாமல் ஆட்டக்களத்தில் கால் வைக்கக் கூடாது என்று கறாராகச் சொல்லி அனுப்பினார்.

அவளோடு ஆட யாரும் முன்வரவில்லை. பயம், அல்லது பரிதாபம். கடைசியில் பஞ்சுதான் போனாள். அழைத்தது யார், ஒப்புக்கொண்டது யார் என்று மூத்தவளுக்குத் தெரியாது. ஒரு காலையில் கோச் போன் செய்து, "ரெண்டு பேரும் எதிரெதிரா நிக்கிறாங்கம்மா. வந்து பாருங்க" என்றார்.

அவள் போனபோது பஞ்சு ஒரு பக்கத்துப் பின்கோட்டில், நெட்டை மறுபக்கத்துப் பின்கோட்டில். இரண்டு பேருக்கும் நடுவே முழு ஆட்டக்களமும் நெட்டும். நெட்டையின் முகத்தில் பெரிய கண்ணாடி. வாழ்நாளில் முதல்தடவையாக அவள் பஞ்சுவின் சர்வை எதிரே நின்று வாங்குகிறாள்.

பஞ்சு பந்தைப் போட்டாள். அதே தயக்கம், அதே சோர்ந்த பந்து. நெட்டை அதையும் தவறவிட்டாள். மட்டை பந்துக்கு முன்னாலேயே வீசி முடித்துவிட்டது.

"இன்னும் மெதுவா போடட்டுமா?" என்று பஞ்சு கேட்டாள்.

"போட்டா நாளையிலிருந்து வரமாட்டேன்."

மூத்தவள் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போடாதே என்று ஒரு மனம், போடு என்று ஒரு மனம். தான் எதுவும் சொல்லக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

நான்காவதோ ஐந்தாவதோ பந்தில் கை தடையில்லாமல் வந்தது. நூற்று அறுபது இல்லை, அந்தப் பக்கத்திலேகூட இல்லை. ஆனால் பந்து தரையில் மோதிய சத்தம் கேட்டதும் கோச் தலையை நிமிர்த்தினார். நெட்டை ஒரு அடி பின்வாங்கி, முகத்தைத் திருப்பாமல், பந்தைக் கடைசிவரை பார்த்து மட்டையை வீசினாள். மட்டையின் விளிம்பில் பட்டு, மேலே எகிறி, வேலியைத் தாண்டித் தெருவுக்குப் போனது.

"பட்டுச்சா?" என்று கத்தினாள் நெட்டை.

"விளிம்புல."

"விளிம்பா இருந்தா என்ன, பட்டுச்சுல்ல? யாரு போய் எடுக்கிறது? நீ அடிச்சதுதானே?"

"கடைசியா தொட்டது நீ."

இரண்டு பேரும் நகரவில்லை. மூத்தவள் வாயிற்கதவைத் திறந்துகொண்டு தெருவுக்குப் போனாள். பந்து ஒரு லாரியின் சக்கரத்தடியில் கிடந்தது. குனிந்து எடுத்தாள். உள்ளே மறுபடியும் பந்து அடிக்கிற சத்தம் கேட்டது. நெட்டையின் மட்டையிலிருந்து வரவேண்டிய அடுத்த சத்தத்துக்காக அவள் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.